காலை 7 மணி இறுதி ஆட்டம்: யார் நன்றாக ஆடினார் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் இரவு எட்டரைக்குத் தொடங்கும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடர் ஆட்டம் மியான்மரின் யாங்கூனில் மறுநாள் காலை 7 மணிக்கு வருகிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் அரை மணி முன்னதாக, ஆறரைக்கு. இந்த ஊரில் அது டீக்கடை நேரம். அனவ்ரதா சாலையில், நம்மவர்கள் 1871-ல் எழுப்பிய காளி கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் நாங்கள் உட்காரும் கடை இருக்கிறது. கரண்ட் முறை வைத்து வருவதால் கடை டிவியை நம்ப முடியாது. யாராவது ஒருவர் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவரும் போனை, மேஜைக்கு மேஜை இலவசமாக வைக்கும் பச்சைத் தேநீர் ஃபிளாஸ்க்கில் சாய்த்து நிறுத்திவிடுவோம். லபெயே (பால் டீ) வரும், ஈச்சாக்குவே (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) வரும், ஒருவருக்கு மட்டும் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்). ஜூன் மாதம், வெளியே மழை. சுற்றியுள்ள மேஜைகளில் பேச்செல்லாம் கால்பந்து. கூடைப்பந்துக்கு அந்தக் கடையில் நாங்கள் ஆறு பேர்தான்.

ஒரு ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு ஆபீஸ். அதனால் நான்காவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி, ஆரம்பிக்கும்போது மேஜையில் ஆள் குறைய ஆரம்பிக்கும். எட்டே முக்காலுக்கு எழுந்து போகிறவர் மூன்று குவார்ட்டருக்குத்தான் சாட்சி. மறுநாள் காலை நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதிலிருந்தே கிளம்புகிறது.

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கும் இண்டியானா பேசர்ஸ் அணிக்கும் முதல் ஆட்டம். பேசர்ஸ் முதல் பாதியில் மட்டும் 19 முறை பந்தைப் பறிகொடுத்தது. நான்காவது குவார்ட்டரில் 15 புள்ளி பின்தங்கி நின்றது. எங்கள் மேஜையிலேயே மூத்தவரான மாமா, துறைமுகம் பக்கம் வேலை, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அந்த ஹாலிபர்ட்டன் பையன் பெரிய மேட்ச்சுக்குச் சரிப்பட மாட்டான்” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஆட்டம் முடிய 0.3 விநாடி இருக்கும்போது பேசர்ஸின் அதே டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 111-110. அந்த ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான்.

அன்று அவர் கணக்கு 14 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (சகா கூடை போடும்படி கொடுக்கும் பாஸ்). அடுத்த ஆட்டத்தின் காலையில் மாமா விடவில்லை. “கடைசி பந்தை எடுத்துட்டுப் பாரு, சாதாரண ஆட்டம்தானே?” என்றார். எங்களோடு உட்காரும் கல்லூரிப் பெண், “எதுக்கு மாமா அதை எடுக்கணும்? அதுவும் அவர் எறிஞ்சதுதானே?” என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். மாமா கேட்டது, 48 நிமிடம் அந்தப் பையன் எப்படி ஆடினான் என்று. அவள் கேட்டது, அந்த வெற்றி யாரால் வந்தது என்று.

அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களையும் பார்த்து, பழைய தொடர்களையும் தேடிப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இறுதித் தொடரில் ஒரு ஆட்டக்காரரின் எண்களில் பாதியை எழுதுவது எதிரணி. அவருக்கு எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்று எதிரணி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வருகிறது. அதைக் கேட்காமல் ஸ்கோர் அட்டையை மட்டும் வைத்துப் பேசினால் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் பயனில்லை.

ஏன் இறுதித் தொடரில் மட்டும் இப்படி? வழக்கமான சீசனில் ஒரு அணி 82 ஆட்டம் ஆடும். எதிரே வருவது 29 அணிகள். இன்றைக்கு ஒரு ஊர், நாளை மறுநாள் இன்னொரு ஊர். எதிராளியைப் படித்துத் தயாராக நேரமே இருக்காது. இறுதித் தொடரில் அதே அணியோடு நான்கிலிருந்து ஏழு ஆட்டம், இடையிடையே ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஒரே பாடத்தில் ஏழு முறை பரீட்சை எழுதுகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் கேள்வித்தாள் தயாரிக்கிறவர் நம்முடைய முந்தைய விடைத்தாளைப் படித்துவிட்டுத்தான் வருவார். எந்தக் கேள்வியில் திணறினோமோ அதுவே மறுபடி மறுபடி வரும். சீசன் முழுக்க மறைந்திருந்த ஒரு பலவீனம் இங்கே ஒரே வாரத்தில் ஊரறியத் தெரிந்துவிடும்.

அப்புறம், ஆட்டங்களின் எண்ணிக்கையே மிகக் குறைவு. இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். பத்துக்கு நான்கு த்ரீ பாயின்ட் (தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் ஷாட்) போடுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம், அது மிக நல்ல சராசரி. ஒரு ஆட்டத்தில் எட்டு முறை எறிகிறார். அந்த எட்டில் ஒன்று மட்டும் விழுவதற்கோ ஒன்றுமே விழாமல் போவதற்கோ உள்ள வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஏழு ஆட்டத் தொடரில் அப்படி ஒரு நாளாவது வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அதாவது கையிலும் மனதிலும் எந்தக் குறையும் இல்லாத ஒரு எறிவாளருக்கும் இறுதித் தொடரில் ஒரு நாள் பந்து விழாமல் போவது இயல்பு. அந்த ஒரு நாளை வைத்துத்தான் நாம் “பயந்துட்டான்” என்கிறோம்.

ரசிகர்கள் கையில் எடுக்கும் அளவுகோல்களில் முதலாவது புள்ளி. எல்லோருக்கும் புரியும், ஆனால் எத்தனை எறிந்து எடுத்த புள்ளி என்பதை அது சொல்லாது. அதற்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எடுத்த புள்ளியை, எறிந்த ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் தவறுக்காக, யாரும் மறிக்காமல் எறியக் கிடைப்பவை) 0.44-ஆல் பெருக்கிக் கூட்டி, அதன் இருமடங்கால் வகுப்பது. 0.44 எதற்கு என்றால், பொதுவாக இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு வாய்ப்பு, ஆனால் கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவும் உண்டு, அதனால் பாதிக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று பிளஸ்-மைனஸ். ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடவோ குறையவோ எடுத்தது என்பது. கூட இருந்த நான்கு பேரின் நல்லதும் கெட்டதும் அதில் அவர் பெயரிலேயே ஏறிவிடும், ஆகவே ஒரே ஒரு ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து யாரையும் தூற்றக் கூடாது.

2010 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 83, பாஸ்டன் செல்டிக்ஸ் 79. லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் 24 முறை எறிந்து 6 போட்டார். ஃப்ரீ த்ரோ 15-க்கு 11. மொத்தம் 23 புள்ளி. மேலே சொன்ன கணக்கில் இது 38 சதவீதத்துக்கும் கீழே வருகிறது, அந்தச் சீசனின் என்பிஏ சராசரியோ 54 பக்கம். எறிதல் என்று பார்த்தால் மோசமான இரவு, அதில் வாதமே கிடையாது. ஆனால் அதே இரவில் அவர் பிடித்த ரீபவுண்ட் 15. தாங்கள் தவறவிட்ட பந்தைத் தாங்களே மீண்டும் பிடிப்பதில் லேக்கர்ஸ் 23, செல்டிக்ஸ் 8. தன் கை ஓடாத நாளில் ஒரு எறிவாளர் கூடைக்கு அடியில் போய் முட்டி மோதிப் பந்தைப் பிடித்தார் என்பது அந்த 6/24-ல் தெரியாது. கோபியின் ரசிகர்கள் எறிதலை மறைக்கிறார்கள், எதிர்ப்பவர்கள் ரீபவுண்டை மறைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

எண்ணப்படாத காரியங்களும் இருக்கின்றன. பந்தைத் தட்டிப் பறிப்பதையும் எதிராளியின் ஷாட்டை மறிப்பதையும் என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973-74 சீசனில்தான். பாஸ்டன் அணிக்கு 13 சீசனில் 11 பட்டம் வாங்கித் தந்த பில் ரஸ்ஸலின் முக்கியமான வேலையே எதிராளியின் ஷாட்டை மறிப்பது. அவர் 1969-ல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய மிகப் பெரிய திறமைக்கு ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லாத காலத்தில் ஆடி முடித்தவர். இன்று இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது, ஆனால் அந்த விருதை அவர் ஒருமுறைகூட வாங்கியதில்லை. விருது தொடங்கியதே அவர் ஆடிய கடைசி ஆண்டில்.

அந்த முதல் விருதை 1969-ல் வாங்கியவர் ஜெர்ரி வெஸ்ட், தோற்ற லேக்கர்ஸ் அணிக்காரர். தொடரில் சராசரி 37.9 புள்ளி. ஏழாவது ஆட்டத்தில் 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். பாஸ்டன் 108-106 என்று ஜெயித்தது. வெற்றி நம்முடையதுதான் என்று லாஸ் ஏஞ்சலஸ் அரங்கின் கூரையில் கட்டிவைத்த பலூன்கள் கடைசிவரை கீழே இறங்கவில்லை. தோற்ற அணியிலிருந்து ஒருவர் அந்த விருதை வாங்கியது அப்போது மட்டும்தான், அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டுவிட்டு, ஜெயித்த அணிக்குள் மட்டும் தேடுவது கேள்வியையே மாற்றிவிடுகிறது.

2015 தொடரில் அந்த மாற்றம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கிளீவ்லாந்தின் கெவின் லவ் ப்ளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிறகு பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே தோள்பட்டையில் அடிபட்டு வெளியே போய்விட்டார். கைரி எர்விங் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் முழங்கால் சில்லு உடைந்து போனார். மிச்சமிருந்த அணியை லெப்ரான் ஜேம்ஸ் இழுத்துக்கொண்டு போனார். சராசரி 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். எறிந்ததில் விழுந்தது 39.8 சதவீதம். எதிரணியான கோல்டன் ஸ்டேட் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, அந்தச் சீசனின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூட முதல் ஐவரில் இறங்காத ஆண்ட்ரே இகுவொடாலாவை, உயரமான ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதிலாக நான்காவது ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே இறக்கியது. 103-82. அதற்குப் பிறகு கிளீவ்லாந்து ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. விருதுக்கு வாக்களித்த 11 பேரில் 7 பேர் இகுவொடாலாவுக்கு, 4 பேர் லெப்ரானுக்கு. 26 புள்ளி சராசரி வைத்திருந்த கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீஃபன் கரிக்கு ஒரு வாக்குகூட இல்லை.

இங்கேதான் நான் சொன்ன கேள்வியைக் கேட்க வேண்டும்: எதிரணி என்ன கொடுத்தது? இரண்டு மூன்று பேரை அனுப்பி லெப்ரானைச் சூழ்ந்துகொள்ள கோல்டன் ஸ்டேட் அவசரப்படவில்லை. சூழ்ந்தால் அவர் பந்தைக் காலியாக நிற்கும் சகாவுக்கு அனுப்பிவிடுவார், அதில் அவர் வல்லவர். அதனால் பெரும்பாலும் இகுவொடாலா ஒருவரை முன்னால் நிறுத்தி, ‘நீயே எறி, ஒவ்வொன்றையும் கஷ்டப்பட்டு எறி’ என்று விட்டுவிட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக 32-க்கும் மேல் ஷாட் எறிந்தார். 35.8 என்ற பெரிய எண்ணும் 39.8 என்ற சிறிய எண்ணும் அந்த ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. இதைப் பார்க்காமல் ‘35 புள்ளி எடுத்தான், கடவுள்’ என்று ஒருவரும், ‘பத்துக்கு நாலுகூட விழலையே’ என்று இன்னொருவரும் கத்திக்கொண்டே இருக்கலாம். என் வாக்கு லெப்ரானுக்குத்தான் போயிருக்கும். ஆனால் இகுவொடாலாவுக்குப் போட்ட ஏழு பேர் ஆட்டம் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். தொடரின் போக்கைத் திருப்பியவர் யார் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அந்தக் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் சரி.

எங்கள் மேஜையில் இதை விளக்க நான் அடிக்கடி இந்த நாட்டின் மரபு விளையாட்டான சின்லோனைத்தான் துணைக்கு அழைக்கிறேன். வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரம்பால் பின்னிய சிறு பந்து. ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே, கை படாமல், காலாலும் முழங்காலாலும் தலையாலும் பந்தைத் தரையில் விழாமல் வைத்திருப்பார்கள். ஒருவர் நடுவில் போய்த் தன் வித்தையைக் காட்டுவார், குதிகாலால், உள்ளங்காலால், முதுகுக்குப் பின்னாலிருந்து. மண்டலேயில் மகாமுனி கோயிலை ஒட்டி நடக்கும் வாசோ விழா இதற்குப் பெயர் போனது. மரபான சின்லோனில் எதிரணியே இல்லை. ஸ்கோரும் இல்லை, ஜெயித்தவர் தோற்றவர் இல்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போகும்போது யார் நன்றாக ஆடினார் என்று பேசிக்கொண்டேதான் போகிறார்கள். நடுவில் நின்றவரைப் பற்றி மட்டும் அல்ல. பந்து தப்பிப் போகும்போது வட்டத்தில் நின்று அதைக் காப்பாற்றி, நடுவில் நிற்பவருக்கு வாகான உயரத்தில் திருப்பித் தந்தவரைப் பற்றியும். அந்த நல்ல பந்து வராவிட்டால் நடுவில் நிற்பவரின் வித்தை இல்லை என்பது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

2013-ல் நேப்பிடோ தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் சின்லோனைச் சேர்த்தபோது அதற்கும் புள்ளி வைத்து, ஜெயிப்பவரைத் தீர்மானித்தார்கள். பதக்கம் வேண்டுமென்றால் எண் வேண்டும்தான். ஆனால் சின்லோன் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு, பந்து யாரிடம் இல்லையோ அவரையும் பார்ப்பது. கூடைப்பந்து பார்க்கும்போது இதைவிடப் பெரிய உதவி கிடையாது. 2025 தொடரைத் தண்டர் அணி ஜெயித்ததை நான் அப்படித்தான் பார்த்தேன். ஹாலிபர்ட்டன் பந்தை வாங்கவே விடாமல் தண்டரின் லுகென்ஸ் டார்ட் ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் மார்போடு ஒட்டிக்கொண்டு ஓடியதற்கு ஸ்கோர் அட்டையில் எந்தக் கட்டமும் இல்லை. மறுபக்கம் தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரைத் துரத்தும் வேலை பேசர்ஸின் ஆண்ட்ரூ நெம்ஹார்டுக்கு.

நான்காவது ஆட்டத்தில் கில்ஜஸ்-அலெக்சாண்டர் 35 புள்ளி எடுத்தார், அதில் 15 கடைசி ஐந்து நிமிடத்துக்குள். அசிஸ்ட் ஒன்றுகூட இல்லை. “பார்த்தியா, ஒருத்தனுக்கும் பாஸ் கொடுக்கல” என்றார் மாமா. அவர் அன்று பார்த்த அளவில் தவறில்லை. ஆனால் நெம்ஹார்டும் மற்றவர்களும் முழு மைதானத்துக்கும் கூடவே ஓடி அவரைக் களைப்படையச் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் பந்தை மேலே கொண்டுவரும் வேலையைத் தண்டர் அவரிடமிருந்து எடுத்து, பெரும்பாலும் ஜேலன் வில்லியம்ஸிடம் கொடுத்தது. பந்தை நடத்தி வருகிறவருக்குத்தான் அசிஸ்ட் சேரும். அந்த வேலையை இறக்கி வைத்ததால் கடைசி ஐந்து நிமிடத்துக்குக் காலில் தெம்பு மிச்சமிருந்தது. பூஜ்யம் அசிஸ்ட் என்பது சுயநலத்தின் எண் இல்லை, எதிரணியின் திட்டத்துக்கு எழுதிய பதில்.

இதேபோல 2022-ல் கரி. பாஸ்டனில் நான்காவது ஆட்டத்தில் 43 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் ஒன்பது த்ரீ பாயின்ட் எறிந்து ஒன்றும் விழவில்லை. அவர் ஆடிய ப்ளேஆஃப் ஆட்டங்களிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. கோல்டன் ஸ்டேட் 104-94 என்று ஜெயித்தது, ஆண்ட்ரூ விக்கின்ஸ் 26 புள்ளி, 13 ரீபவுண்ட். 43 எடுத்த மனிதரை வெகுதூரத்திலேயே மறிக்க பாஸ்டன் ஆட்கள் மேலே ஏறி வந்தால் கூடைக்குப் பக்கத்தில் இடம் காலியாகும். அந்த இடத்தில் விக்கின்ஸ் ஆடினார். கரி அன்று 16 புள்ளிதான், மற்றவர்களுக்கு வழி திறந்ததற்கு எண் இல்லை.

2024 பற்றி இன்றும் எங்கள் மேஜையில் ஒரு முடிவு இல்லை. பாஸ்டன் டல்லஸை 4-1 என்று ஜெயித்தது. அணியில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் முதலிடம் ஜேசன் டேட்டம். விருது ஜேலன் பிரௌனுக்கு. டல்லஸின் லூக்கா டான்சிச்சைக் காக்கும் கடினமான வேலையில் பெரும் பங்கு பிரௌனுடையது என்பதால் எனக்கு அது சரியாகவே பட்டது. கல்லூரிப் பெண் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. டான்சிச்சின் கதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. தொடரில் சராசரி 29.2 புள்ளி எடுத்தவரைத் தடுப்பாட்டத்தில் பாஸ்டன் குறிவைத்து, அவர் நிற்கும் பக்கமாகவே பந்தை எடுத்துப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் 21 புள்ளி வித்தியாசத்தை டல்லஸ் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்த நேரத்தில், 4 நிமிடம் 12 விநாடி மிச்சமிருக்க, ஆறாவது ஃபவுல் வாங்கி வெளியேறினார். ஸ்கோர் அட்டையில் மட்டும் பார்ப்பவருக்கு அவர் நன்றாக ஆடினார். பாஸ்டன் எங்கே தாக்கியது என்று பார்ப்பவருக்கு வேறு தெரியும்.

சரி, ஹாலிபர்ட்டனிடம் திரும்புவோம். அந்தத் தொடரில் அவர் மேல் பேசப்பட்ட அளவு வேறு யார் மேலும் பேசப்படவில்லை. இறுதித் தொடருக்கு முன்பே, ஏப்ரலில் வெளியான ஒரு கருத்துக்கேட்பில் என்பிஏ ஆட்டக்காரர்களே பெயர் வெளியிடாமல் வாக்களித்து, தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறவர்களில் அவருக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். ஆகவே எந்த ஆட்டத்தில் அவர் கொஞ்சம் ஒதுங்கினாலும் ‘அன்றைக்கே சொன்னோமே’ என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருந்தது. எங்கள் மேஜையும் அந்தக் கூட்டத்துக்கு விலக்கு இல்லை.

ஐந்தாவது ஆட்டம் ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை. ஹாலிபர்ட்டன் ஆறு முறை எறிந்தார், ஒன்றும் விழவில்லை. ஃப்ரீ த்ரோவில் வந்த 4 புள்ளி மட்டும். எதிர்ப்பக்கம் ஜேலன் வில்லியம்ஸ் 40. தண்டர் 120-109. மாமா அன்று கடைசிவரை இருந்தார். “எறியவே பயப்படுறான் பாரு. ஆறு தடவைதான் எறிஞ்சிருக்கான்” என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை, அவர் சொன்னதுதான் எனக்கும் தோன்றியது. முதல் குவார்ட்டரிலேயே அவர் வலது காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்தோம். பார்த்ததை மறந்துவிட்டோம். ஸ்கேனில் கெண்டைக்கால் தசை இழுபட்டுக் காயமாகியிருப்பது தெரிந்தது என்ற செய்தி பிறகு வந்தது. எதிரணி என்ன கொடுக்கிறது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அந்த உடம்பு அன்று என்ன கொடுத்தது என்று. அதை நான் அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டிருக்க வேண்டும்.

ஆறாவது ஆட்டத்தில் அந்தக் காலோடு இறங்கி 14 புள்ளி எடுத்தார், பேசர்ஸ் 108-91 என்று ஜெயித்துத் தொடரைச் சமன் செய்தது. ஏழாவது ஆட்டம் ஜூன் 23, திங்கட்கிழமை, ஆறரைக்கே. அன்று ஆபீசுக்குத் தாமதமாக வருவதாக எல்லோரும் முன்பே சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். முதல் சில நிமிடத்திலேயே ஹாலிபர்ட்டன் மூன்று த்ரீ பாயின்ட் போட்டார். ஒன்பது புள்ளி. பக்கத்து மேஜைக் கால்பந்துக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பந்தோடு முன்னே பாய எத்தனித்தவர், யாரும் தொடாமலே, கீழே விழுந்து தரையைக் கையால் அடித்தார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. ஸ்கோர் அப்போது 16-16.

அவர் இல்லாமலும் பேசர்ஸ் பாதி ஆட்டத்தில் 48-47 என்று முன்னால் இருந்தது. மூன்றாவது குவார்ட்டரில் தண்டர் 34 எடுக்க, இவர்கள் 20-தான் எடுத்தார்கள். ஆட்டம் 103-91 என்று முடிந்தது. கில்ஜஸ்-அலெக்சாண்டர் 29 புள்ளி, 12 அசிஸ்ட், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அந்த விருதில் எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. நான்காவது ஆட்டத்தில் அசிஸ்ட் பூஜ்யம், ஏழாவது ஆட்டத்தில் 12. மாமாவிடம் அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

காட்டவில்லை. ஹாலிபர்ட்டன் விழுந்ததிலிருந்து மாமா பேசவேயில்லை. அவர் டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. எல்லோரும் எழுந்து காசு கொடுத்துக்கொண்டிருக்கும்போது போனைக் கையில் எடுத்து, அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

“எந்தக் கால்ப்பா?” என்று கேட்டார்.

“வலது கால் மாமா.”

“அன்னைக்குக் கட்டுப் போட்டுட்டு வந்தானே, அதே காலா?”

“அதே கால்தான் மாமா.”